ஐந்து பொம்மைகளும் அகப்படாத ஒரு பிணமும்

மாரியோ பாவா இயக்கிய ‘ஆகஸ்ட் நிலவுக்கு ஐந்து பொம்மைகள்’ (1970) என்னும் இத்தாலியக் கொலைமர்மப் படம் ஒரு தோல்வி. இதைச் சொல்வதற்கு நீண்ட பதிவு தேவையில்லை என்பதை அறிவேன். பாவாவை நேசிப்பவர்களே அதைச் சொல்லிவிட்டார்கள். பாவாவும் தம் படங்களில் மிக மோசமானவற்றுள் ஒன்றாகவே இதைக் கருதினார். எனினும் இப்படம் ஏமாற்றுகிற விதத்தில் ஆய்வுமாணவர்களாகிய நமக்கென்று தனியாக ஒரு செய்தி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதால் எழுதுகிறேன். கதையின் முடிவைச் சொல்லாமல் அதை எழுத இயலாது. முடிவை அறிய விரும்பாதோர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், இழப்பு பெரிதன்று.

முதலில் இவ்வகைப் படங்களைப் பற்றிச் சில சொற்கள். இத்தாலிய மொழியில் ‘ஜாலோ’ என்றால் மஞ்சள். 1929 முதல் மோந்ததோரி பதிப்பகம் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டையிட்டு வெளியிட்டு வந்தது. நாளடைவில் அட்டையின் நிறமே அவ்வகை எழுத்தின் பெயராயிற்று. நம் ஊர்ப் பேருந்து நிலையத்துக் கடைகளில் ‘பாக்கெட் நாவல்’ என்றதும் எந்த வகை எழுத்து என்று எல்லார்க்கும் புரிந்ததே, அதைப் போன்றது. இத்தாலியர்க்கு இன்றும் எந்தக் கொலைமர்மமும் ஜாலோதான். வெளிநாட்டு ரசிகர்கள் மட்டும் அச்சொல்லை அறுபதுகள், எழுபதுகளில் வந்த ஒரு குறிப்பிட்ட திரைப்பட வகைக்குச் சுருக்கிக்கொண்டார்கள்: கறுப்புக் கையுறை, கூரிய கத்தி, கண்ணைப் பறிக்கும் வண்ணம், தேவைக்கு மேல் அழகான அறைகள், தேவைக்குக் குறைவான தர்க்கம். அவ்வகைக்கு அடித்தளமிட்டவர் பாவா என்பதில் பெரும்பாலோர்க்குக் கருத்து வேறுபாடில்லை. 1963-இல் ‘மிக அதிகம் அறிந்த பெண்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தில் இலக்கணத்தை வகுத்தார். 1964-இல் ‘இரத்தமும் கறுப்புச் சரிகையும்’ என்ற படத்தில், ஓர் ஆடை அலங்கார நிலையத்துக்குள் முகமற்ற ஒருவனை உலவவிட்டு, அந்த இலக்கணத்துக்கு வண்ணம் கொடுத்தார்.

1914-இல் பிறந்த பாவா ஒளிப்பதிவாளராகத் தொடங்கியவர். தந்தை எவ்ஜேனியோ பாவாவும் ஒளிப்பதிவும் தந்திரக் காட்சிகளும் கற்றவர். காசில்லாத இடத்தில் கண்ணாடியில் ஓர் அரண்மனையை வரைந்து, அதை ஒளிப்படக் கருவியின் முன் நிறுத்தி, மலையுச்சியில் அரண்மனை இருப்பதாக நம்பவைக்கும் குடும்பத் தொழில் அது. இல்லாததை இருப்பதாகக் காட்டுவதில் அவருக்கு நிகரானவர் அக்காலத்து ரோமில் மிகச் சிலரே. அதனால்தான் அவர் படம் ஒன்று ஏமாற்றும்போது ஏமாற்றம் இரட்டிப்பாகிறது.

எனக்கு அது மும்மடங்காயிற்று. நான் ஆய்வு செய்வது பல்லுறுப்பி வேதியியலில். ஒரு புதிய செயற்கைப் பிசினின் சூத்திரத்துக்காகத் தீவு ஒன்றில் ஆட்கள் வரிசையாகக் கொலையுறுகிறார்கள் என்று கதைச்சுருக்கத்தில் படித்த கணமே, இது எனக்காகவே எடுக்கப்பட்ட படம் என்று முடிவுகட்டிவிட்டேன். திரையுலகம் எங்கள் துறையை ஏறெடுத்துப் பார்ப்பது அபூர்வம். அணுவுக்குப் படம் உண்டு, விண்வெளிக்கு உண்டு, நச்சுயிரிக்கு உண்டு. பிசினுக்கு யார் கொலை செய்வார்கள்? ஐதராபாத்தில் நான் தங்கியிருக்கும் விடுதியில் சனிக்கிழமை இரவுகளில் படம் போடும் சிறு கூட்டம் ஒன்று உண்டு. அங்கே இதைத் திரையிடப் பரிந்துரைத்தவனும் நானே.

கதை இது. ஜார்ஜ் ஸ்டார்க் என்னும் தொழிலதிபர் தம் தீவு மாளிகைக்கு நண்பர்களை அழைக்கிறார். வந்திருப்போருள் பேராசிரியர் ஃபாரெல் ஒரு வேதியியலாளர். வில்லியம் பெர்கர் நடித்திருக்கிறார். அவர் கையில் ஒரு பிசின் சூத்திரம் இருக்கிறது. தொழிலதிபர்கள் மூவர் ஆளுக்குப் பத்து இலட்சம் டாலர் காசோலையை நீட்டுகிறார்கள். பேராசிரியர் மறுக்கிறார். மனைவிமார் அறைக்கு அறை மாறுகிறார்கள். யார் யாரோடு என்பதை நினைவில் வைத்துக்கொள்வது பத்து நிமிடத்துக்குப் பின் வீண்வேலை. பணியாள் ஒருவன் பிணமாகக் கிடக்கிறான். படகு போய்விட்டது, வெளியுலகத் தொடர்பு இல்லை. பிறகு ஒருவர்பின் ஒருவராக. கடைசியில் எஞ்சியவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்ள, இசபெல் என்னும் இளம்பெண் மட்டும் பணத்தோடு வெளியேறுகிறாள்.

அகதா கிறிஸ்டி 1939-இல் எழுதிய தீவு நாவலின் நிழல் இது என்பது எவர்க்கும் தெரியும். நிழலாக இருப்பதில் குற்றமில்லை. அந்த நாவலிலிருந்து 1965-இல் இந்தியில் ‘கும்நாம்’ வந்தது. தமிழில் வீணை எஸ். பாலசந்தர் ‘நடு இரவில்’ எடுத்தார். எடுத்துச் சில ஆண்டுகள் காத்திருந்து அப்படமும் இதே 1970-இல்தான் வெளியாயிற்று. தற்செயல்தான், ஆயினும் ஒரே வேரிலிருந்து கிளைத்த இரண்டு தீவுகள் ஒரே ஆண்டில் இரண்டு நாடுகளில் திரைக்கு வந்தன என்று எண்ணும்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆசை எழுகிறது. பாலசந்தர் படத்தில் செல்வந்தரின் தீவு வீட்டுக்கு வருபவர்கள் உறவினர்கள். அந்த ஒரு மாற்றத்தால் தமிழ்ப் பார்வையாளர்க்கு எல்லாம் விளங்கிவிடுகிறது: சொத்து, பழைய மனத்தாங்கல், போலிக் கண்ணீர், நெடுநாள் வராதவர் திடீரென்று காட்டும் பாசம். ஒவ்வொருவரும் இறக்கும்போது ஓர் உறவு அறுபடுகிறது. கிறிஸ்டியின் நாவலிலோ விருந்தினர் ஒவ்வொருவர் மீதும் ஒரு பழைய குற்றம் சுமத்தப்படுகிறது. இசைத்தட்டிலிருந்து ஒரு குரல் அவற்றை வாசிக்கிறது. அடுத்தது யார் என்னும் கேள்விக்குள் இவர் செய்தது என்ன என்னும் கேள்வியும் மடிந்து கிடக்கிறது. அந்த நாவல் இன்றும் நம்மைப் பிடித்திழுப்பது கொலைகளின் எண்ணிக்கையால் அன்று.

பாவாவின் தீவில் அந்தச் சுமை இல்லை. அனைவர்க்கும் ஒரே ஆசை, ஒரே குரல், ஏறக்குறைய ஒரே சிகையலங்காரம். துப்பறிபவர் இல்லை, காவலர் இல்லை, துப்பறிய வேண்டும் என்று விரும்புகிற ஒருவர்கூட இல்லை. நண்பர் இறந்துவிட்டார் என்று அறிந்தவர்கள் அடுத்த காட்சியில் மது ஊற்றிக்கொள்கிறார்கள். கொலைகளும் பெரும்பாலும் நம் கண்முன் நடப்பதில்லை. கதவைத் திறந்தால் பிணம். மரத்தடிக்குப் போனால் பிணம். அச்சுறுத்தவும் இல்லை, ஐயுறவைக்கவும் இல்லை. ஜூம் மட்டும் ஓயாமல் முன்னும் பின்னும் ஓடுகிறது, எதையோ தேடிச் சலித்த கண்போல. முதற்காட்சியிலேயே ஒரு பலி விளையாட்டு: விளக்கணைகிறது, எட்விஜ் ஃபெனெக் நடித்த பெண் குத்துண்டு கிடக்கிறாள், பிறகு சிரித்துக்கொண்டு எழுகிறாள். அதன்பின் உண்மையாகவே இறப்பவர்களும் எழுந்துவிடுவார்கள் என்ற நினைப்போடுதான் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறோம். இதைப் படத்தின் நுட்பமாகக் கொள்பவர்களும் உண்டு. என்னால் அவ்வளவு தாராளமாக இருக்க முடியவில்லை.

நியாயமாகச் சொன்னால், மறக்க முடியாத இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது அந்தக் குளிர்பதன அறை. காவலரை அழைக்க வழியில்லை, ஆகவே பிணங்களை என்ன செய்வது? இறைச்சி தொங்கும் அறையில், கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, ஆட்டுத் தொடைகளுக்கு நடுவே கொக்கியில் மாட்டிவிடுகிறார்கள். முதலில் தொங்குபவன் பணியாள். அடுத்தடுத்து எசமானர்களும் எசமானிகளும் அவனுக்கு அருகே வந்து சேர்கிறார்கள். ஒவ்வொரு முறையும் உமிலியானியின் இசை குழந்தைகள் விளையாட்டுக்கு வாசிப்பதுபோல் துள்ளுகிறது. பியேரோ உமிலியானியைப் பெயரால் அறியாதவர்களும் அவர் 1968-இல் ஒரு படத்துக்காக எழுதி, பின்னர் ‘மப்பட்’ பொம்மைகள் பாடி உலகப் புகழ் பெற்ற ‘மனா மனா’ மெட்டை அறிவார்கள். பிணவறையில் அந்த மனிதரின் நையாண்டி பொருந்துவதைப் போல் படத்தில் வேறெதுவும் பொருந்தவில்லை. பேசும் உரையாடல் முழுவதையும் நீக்கிவிட்டு இசையை மட்டும் ஓடவிட்டால் படம் மேம்பட்டுவிடும் என்பது என் துணிபு. அக்காலத்து இத்தாலியப் படங்களில் குரல்கள் எப்படியும் பின்னால் ஒட்டப்பட்டவைதாமே.

இரண்டாவது, கண்ணாடிக் கோளங்கள். ஒரு கைகலப்பில் அவை சிதறிப் படிகளில் உருண்டு இறங்குகின்றன. ஒளிப்படக் கருவி சண்டையை விட்டுவிட்டுக் கோளங்களைப் பின்தொடர்கிறது. துள்ளித் துள்ளி, பளபளத்துக்கொண்டு, அவை குளியலறைக்குள் உருண்டோடி நீர்த்தொட்டியருகே சேர்கின்றன. தொட்டியில் ஒரு பெண் பிணமாகக் கிடக்கிறாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் பாவா விழித்துக்கொண்டார் என்பது தெளிவாகத் தெரிகிறது. கதை சொல்லாததை ஓர் உருண்டை சொல்லிவிடுகிறது.

மற்ற நேரங்களில் அவர் ஏன் விழிக்கவில்லை என்பதற்குப் படத்துக்கு வெளியே காரணம் இருக்கிறது. படப்பிடிப்பு தொடங்கும் தறுவாயில்தான் அவர் இதற்குள் அழைத்துவரப்பட்டார். மாரியோ தி நார்தோவின் திரைக்கதை அவருக்குப் பிடிக்கவில்லை. மாற்ற அவகாசமும் கிடைக்கவில்லை. பிடிக்காத வேலையைக் கூலிக்குச் செய்பவர் வேலையின் மீது காட்டும் மெல்லிய வெறுப்பு ஒவ்வொரு காட்சியிலும் படிந்திருக்கிறது. உதவித்தொகை நீட்டிப்புக்காக ஆண்டறிக்கை எழுதிய எவருக்கும் அந்த நடை பழக்கமானதுதான்.

இவை எல்லாம் திரைவிமரிசகர்கள் சொல்லக்கூடியவை. நான் சொல்ல வந்தது சூத்திரத்தைப் பற்றி.

படம் முழுவதும் ‘சூத்திரம், சூத்திரம்’ என்கிறார்கள். அது என்ன செய்யும், எதனாலானது, எதற்குப் பயன்படும் என்று ஒருவரும் கேட்பதில்லை. முப்பது இலட்சம் டாலர் கொடுக்க வந்த மூன்று தொழிலதிபர்களில் ஒருவரேனும், ‘மாதிரித் துண்டு இருக்கிறதா, எத்தனை பாகை வெப்பம் தாங்கும்’ என்று கேட்க வேண்டாமா? ஒரு தாளில் எழுதிய சூத்திரத்தை மட்டும் வாங்கிப் பிசின் செய்துவிட முடியாது. குடுவையில் ஒரு கிராம் செய்வதும் உலையில் ஒரு டன் செய்வதும் வெவ்வேறு தொழில்கள். பல்லுறுப்பாக்கம் வெப்பத்தை உமிழும் வினை; குடுவையைப் பனிக்கட்டியில் வைத்துக் குளிர்விக்கலாம், உலையை அப்படிக் குளிர்விக்க முடியாது. வினையூக்கியை எந்த வரிசையில் சேர்ப்பது, ஈரம் எவ்வளவு வரை பொறுக்கும், கலக்கியின் வேகம் என்ன என்பனவெல்லாம் தாளில் இருப்பதில்லை. செய்தவர் கையிலும் அவரது ஆய்வகக் குறிப்பேட்டின் ஓரங்களிலும் இருக்கும். ஆகவே ஒரு சூத்திரத்தைத் திருடுகிறவன் உண்மையில் திருட வேண்டியது ஒரு மனிதரின் சில ஆண்டுகளை. திரைக்கதை எழுதியவர்க்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தெரிந்திருந்தால் அவருக்கு ஒரு கதை கிடைத்திருக்கும்.

அதிலும் அந்நாளைய இத்தாலியில் அக்கதை தெருவில் கிடந்தது. மிலான் பல்தொழில்நுட்பக் கழகத்தின் ஜூலியோ நத்தா பாலிப்ரொப்பிலீன் ஆய்வுக்காக 1963-இல் கார்ல் சீக்லருடன் நோபல் பரிசு பெற்றிருந்தார். மொந்தெகத்தீனி நிறுவனம் அதை ‘மோப்லென்’ என்ற பெயரில் விற்றது. வாளி, கூடை, குழந்தைகளின் தொட்டி என ஒவ்வோர் இத்தாலிய வீட்டுக்குள்ளும் அது நுழைந்திருந்தது. பிசின்தான் அந்நாட்டின் அன்றைய பெருமிதம். அப்பெருமிதத்துக்கு அடியில் ஒரு கசப்பும் இருந்தது. மொந்தெகத்தீனி, சீக்லரின் கண்டுபிடிப்புக்கு இத்தாலிய உரிமையை வாங்கியிருந்தது. நத்தாவின் ஆட்கள் முல்ஹைமில் இருந்த சீக்லரின் ஆய்வகத்துக்குச் சென்று கற்று வந்தார்கள். பிறகு அதே வினையூக்கியைக் கொண்டு மிலான்காரர்கள் 1954-இல் புரொப்பிலீனைப் பல்லுறுப்பாக்கிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, தம் நம்பிக்கை மோசம் போனதாக சீக்லர் கொதித்தார். ஒரே மேடையில் பரிசு வாங்கிய இருவரிடையே நட்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பாலிப்ரொப்பிலீன் யாருடையது என்ற வழக்கு அமெரிக்காவில் எண்பதுகள் வரை நீண்டு, இவ்விருவரில் எவருக்கும் இல்லாமல் 1983-இல் பிலிப்ஸ் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இதற்கு மேல் மர்மக்கதை வேண்டுமா?

அந்தக் கதையின் உள்ளே இன்னும் சிறிய மனிதர்கள் இருக்கிறார்கள். சீக்லரின் ஆய்வகத்தில், எதிர்பாராதவாறு வினை பாதியில் நின்றுபோனதைக் கவனித்து, கலனில் ஒட்டியிருந்த நிக்கல் துகள்களே காரணம் என்பதைத் துருவிக் கண்டவர் ஹோல்ஸ்காம்ப் என்னும் ஆய்வுமாணவர். மற்ற உலோகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து சிர்க்கோனியத்தில் பயனைக் கண்டவர் பிரைல் என்னும் இன்னொரு மாணவர். மிலானில் 1954 மார்ச் 11 அன்று புரொப்பிலீனைக் கலனில் செலுத்தி அந்தப் பொருளை முதன்முதலில் தம் கையால் செய்தவர் பாவ்லோ சினி. சீக்லர் 1955-இல் வெளியிட்ட கட்டுரையில் மாணவர் பெயர்கள் இருக்கின்றன. அதே ஆண்டு நத்தா குழுவினர் அமெரிக்க வேதியியல் கழக இதழில் வெளியிட்ட புகழ்பெற்ற குறிப்பில் எழுவர் பெயர் உண்டு. சினியின் பெயர் அவ்வெழுவரில் இல்லை. சினி அழிந்துவிடவில்லை, பின்னாளில் உலோகக் கார்பனைல் சேர்மங்களில் பெரும்பெயர் பெற்றார். யாரும் யாரையும் கொல்லவுமில்லை. எழுவரைத் தேர்ந்தபோது நியாயமான காரணங்கள் இருந்திருக்கலாம். ஆயினும் அந்த ஏழு பெயர்களைப் படிக்கும்போதெல்லாம் எட்டாவது இடம் ஒன்று என் கண்ணுக்குத் தெரிகிறது.

இப்போது படத்தின் முடிவுக்கு வருகிறேன். எல்லாரும் இறந்தபின், பேராசிரியர் ஃபாரெல் சிறையில் இருக்கிறார். தூக்கை எதிர்நோக்கி அல்லது அதுபோன்ற ஒன்றை எதிர்நோக்கி. இசபெல் அவரைக் காண வருகிறாள். அப்போதுதான் நமக்குச் சொல்லப்படுகிறது: சூத்திரம் அவருடையதே அன்று. உண்மையில் அதைக் கண்டுபிடித்த மனிதரைக் கொன்றுவிட்டு அவர் அதைத் தமதாக்கிக்கொண்டார். இதுவரை பணத்தை மறுத்த உத்தமர், தொழிலதிபர்களின் பேராசைக்கு நடுவே நின்ற ஒரே அறிவாளி, முதற்கொலையாளியாக இருந்திருக்கிறார். எல்லாக் கொலைகளுக்கும் முந்திய கொலை. எல்லாப் பிணங்களுக்கும் முந்திய பிணம். படம் இதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு, ஒரு நகைச்சுவைத் துணுக்கின் கடைசி வரிபோல் முறுவலித்துக்கொண்டு முடிந்துவிடுகிறது.

எங்கள் கூட்டத்தில் பலர் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா சிரிக்கவில்லை. தூத்துக்குடிக்காரர், எனக்கு நான்கு ஆண்டு மூத்தவர், நாங்கள் எல்லாரும் அக்கா என்றே அழைப்போம். விளக்குப் போட்டதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “செத்துப்போன ஆளு எங்கடா?”

“எல்லாரும் ஃப்ரீசர்லதான் இருக்காங்களே அக்கா” என்றான் ஒருவன்.

“அவங்க இல்ல. கண்டுபிடிச்ச ஆளு. அவன ஒரு தடவகூடக் காட்டலயே.”

உண்மை. பிணங்களை அவ்வளவு அக்கறையாகப் பையில் சுற்றி வரிசையாகத் தொங்கவிட்ட படத்தில், அந்த ஒரு பிணத்துக்கு மட்டும் கொக்கி இல்லை. ஒரு நினைவுக்காட்சி இல்லை, ஓர் ஒளிப்படம் இல்லை, மேசைமேல் அவன் விட்டுச்சென்ற ஒரு குறிப்பேடு இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படம்தான். அதற்குள் ஐந்து பெண்களின் ஆடைமாற்றங்களுக்கு இடமிருந்தது.

அக்கா அதைக் கேட்டதற்குக் காரணம் அங்கிருந்தவர்களில் பாதிப்பேர்க்குத் தெரியும். அவர் அனுமதியோடு எழுதுகிறேன். ஊரும் நிறுவனமும் துறையும் இங்கே வேண்டா. இங்கு வருவதற்கு முன் வேறோர் இடத்தில் அவர் மூன்று ஆண்டுகள் வேலை செய்தார். ஒரு சேர்மத்தைத் தயாரிக்கும் வழிமுறை. எவருக்கும் படியாத ஒரு படிநிலையில், கரைப்பானை மாற்றி, வெப்பத்தைக் குறைத்து, இரவெல்லாம் கலக்கி அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதைப் படியவைத்தார். உடல்நலம் குன்றிய தந்தையைக் கவனிக்க ஊருக்குப் போய் ஏழு மாதம் கழித்துத் திரும்பியபோது கட்டுரை வெளியாகியிருந்தது. அவர் குறிப்பேட்டில் இருந்த வெப்பநிலை, அவர் குறிப்பேட்டில் இருந்த நேரம், அவர் எடுத்த நிறமாலை. பெயர் நன்றியுரையில், கருவி இயக்கியவருக்கும் நிதி நல்கியவர்க்கும் நடுவே, முதலெழுத்துத் தவறாக. கேட்டதற்கு, ‘தொடர்ந்து இருந்திருந்தால் சேர்த்திருப்போம்’ என்று மறுமொழி கிடைத்தது. விதிகள் வேறு சொல்கின்றன என்பது நம் எல்லார்க்கும் தெரியும். வேலையை உருவாக்கியவர், செய்தவர், அதற்குப் பொறுப்பேற்கக் கூடியவர் ஆசிரியர். அன்று ஆய்வகத்தில் இருக்கிறாரா என்பது அளவுகோல் அன்று. விதியை எடுத்துக்காட்டி எங்கே போய் நிற்பது என்பதும் நம் எல்லார்க்கும் தெரியும். அவர் இங்கே வந்து முதலாண்டிலிருந்து மறுபடி தொடங்கினார்.

“கொலைன்னாகூட ஒரு கேஸ் நடக்கும்டா” என்று அன்றிரவு படியிறங்கும்போது சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

அன்று முதல் எனக்கு இப்படம் வேறுவகையில் தோல்வியடைந்துகொண்டே இருக்கிறது. தி நார்தோவும் பாவாவும் கையில் வைத்திருந்தது ஓர் அரிய கரு. அறிவைத் திருடிய ஒருவன், திருடியதை விற்க மறுக்கிறான். ஏன் மறுக்கிறான்? விற்றால் கேள்விகள் வரும் என்ற அச்சமா? உலையில் செய்துகாட்டச் சொன்னால் தன்னால் இயலாது என்பதாலா? கையில் தாள் மட்டுமே இருக்கிறது, அந்த ஓரக்குறிப்புகளை எழுதிய கை இல்லை என்பதாலா? அல்லது குற்றவுணர்வா? நாம் நேர்மை என்று எண்ணியதெல்லாம் நடுக்கம் என்று தெரியவரும் ஒரு பாத்திரம். பெர்கரின் முகத்தில் அதற்கு வேண்டிய களைப்பு இருக்கிறது. அவர் மற்றவர்களைப் பார்க்கும் பார்வையில், இரண்டாம் முறை பார்க்கையில், ஏளனத்தோடு வேறொன்றும் கலந்திருப்பதாக எனக்குப் பட்டது. இதைத் தொடக்கத்திலேயே நமக்குச் சொல்லியிருந்தால், ஒவ்வொரு காசோலையும் ஒரு மிரட்டலாகியிருக்கும். ஒவ்வொரு பாராட்டும் குத்தியிருக்கும். தொழிலதிபர்களின் பேராசையும் பேராசிரியரின் மௌனமும் ஒரே இடத்தில் வேர்கொண்டிருப்பது தெரிந்திருக்கும். ஒரு வேடிக்கை: பேராசிரியரின் மனைவியாக நடித்த ஈரா ஃபொன் ஃபூர்ஸ்டன்பெர்க், ஃபியட் நிறுவனத்தின் தலைவர் ஜான்னி அன்யெல்லியின் உடன்பிறந்தாள் மகள். இத்தாலியத் தொழில்முதலின் வீட்டிலிருந்தே ஒருவர் அத்தீவில் நடமாடுகிறார். திரைக்கதைக்கோ அதில் எந்த ஆர்வமும் இல்லை.

பிளாஸ்டிக் பைகளையும் இப்போது வேறுவிதமாகப் பார்க்கிறேன். செயற்கைப் பிசினுக்காக இறந்தவர்கள் செயற்கைப் பிசினாலான பைகளில் தொங்குகிறார்கள். இது எண்ணிச் செய்ததா, கையருகே கிடைத்ததைப் பயன்படுத்தியதா? பாவா மற்றப் படங்களில் காட்டிய கூர்மையைக் கொண்டு எண்ணிச் செய்தது என்று சொல்ல ஆசைதான். இப்படத்தின் மற்றப் பகுதிகள் அதை நம்ப விடவில்லை.

வரலாறும் இப்படத்துக்கு இரக்கம் காட்டவில்லை. இது வெளியான அதே 1970 பிப்ரவரியில் தாரியோ அர்ஜென்டோவின் முதற்படம், ‘படிகச் சிறகுப் பறவை’, வெளியாயிற்று. கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே அகப்பட்டு ஒரு கொலைமுயற்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் எழுத்தாளனின் கதை அது. தான் பார்த்தது என்ன என்பதை அவன் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கிறான், நாமும் எண்ணுகிறோம். அடுத்த சில ஆண்டுகள் இத்தாலியில் எடுக்கப்பட்ட ஜாலோ படங்கள் பலவும் அந்தப் பறவையைப் பின்பற்றியே பறந்தன. வகையைத் தொடங்கிவைத்தவர் தம் தீவில் அலுப்போடு உலவிக்கொண்டிருந்தபோது, இளையவர் ஒருவர் அவருடைய இலக்கணத்தையே எடுத்துக்கொண்டு ஊரைப் பிடித்தார். இதைத் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். அர்ஜென்டோ பாவாவுக்குத் தாம் பட்ட கடனை மறைத்தவரல்லர். பத்தாண்டு கழித்து ‘இன்ஃபெர்னோ’ படத்தின் தந்திரக் காட்சிகளுக்கு அவரையே துணைக்கு அழைத்தார்.

பாவாவும் அங்கேயே நின்றுவிடவில்லை. 1971-இல் ‘இரத்த விரிகுடா’ எடுத்தார். மறுபடியும் ஒதுங்கிய நீர்க்கரை, மறுபடியும் சொத்து, மறுபடியும் யார் யாரைக் கொல்வது என்ற குழப்பம். பதின்மூன்று கொலைகள், ஆனால் இம்முறை எதுவும் கதவுக்குப் பின்னால் இல்லை. பேராசை மனிதர்க்கு மனிதர் வேறுபடுகிறது. கடைசி நொடியின் நகைப்பு உண்மையாகவே முதுகுத்தண்டைச் சில்லிடவைக்கிறது. தீவில் சரிவர அமையாத எல்லாவற்றையும் அவர் அங்கே மறுபடி எழுதினார் என்றே நான் வாசிக்கிறேன். ஒளிப்பதிவும் தாமே செய்தார்.

வரும் சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு அதைத்தான் போடுகிறோம். இடம் பழைய இடம்தான். நாற்காலிகள் குறைவு, பாய் கொண்டுவந்தால் நல்லது. அக்கா அன்று முன்னுரை சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். பத்து நிமிடத்துக்கு மேல் பேசமாட்டேன் என்று எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்; தேதி போட்டு, கீழே கையொப்பமும் இட்டு.